ஐந்து இரும்பும் ஓர் அடுப்பும்

1982 பிப்ரவரி 12

காலையில் பனி. எட்டு மணி வரை எதிரே இருக்கும் டீக்கடைகூடத் தெரியவில்லை. துருத்தியில் கிழிசல், தைக்க வேண்டும். கடைவாய்ப் பல் வலி. கிராம்பு தீர்ந்துவிட்டது.

இந்த டயரி, போளூர் பழைய இரும்புக் கடைக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்தது. இத்தனை நாள் அரிசிப் பானை மேல் மூடியாகக் கிடந்தது. இன்று முதல் எழுதப் போகிறேன். எழுதி வைக்காவிட்டால், நான் சொன்னதை அடுத்த வாரம் இவர் தான் சொன்னதாகச் சொல்லுவார். கல்யாணமாகிப் பதினோரு வருஷ அனுபவம்.

நேற்று சந்தை. கூட்டம் நிறைந்த நேரம். எங்கள் மலையில் மேல்காட்டுக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் சடையன் வந்தார். போன மாசம் எங்களிடம் வாங்கிய கொடுவாளைப் பட்டறைக்கல்லுக்கு முன்னால் வீசினார். எல்லாருக்கும் கேட்கும்படி, "இன்னா இரும்பு ஆசாரி இது? புளியங்கிளைய வெட்டுனா வாய் மடங்குது. வாழப்பழம் உரிக்கவா குடுத்த?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டு உலையையே பார்த்தார். பொங்கலுக்குப் பிறகு திரும்பி வந்த எட்டாவது கொடுவாள்.

வெந்த புண்ணில் வேல். சாயங்காலம் கூட்டுறவுச் சங்கச் செயலாளர் வந்தார். சங்கத்தில் உள்ள குடும்பத்துக்கெல்லாம் ஆளுக்கொரு கொடுவாள் கொடுக்கப் போகிறார்களாம். மொத்தம் முந்நூறு. மலைக்குக் கீழேயிருந்து ஒருவர் எவர்சில்வர் கொடுவாள் தருவதாக ஆர்டர் கேட்டிருக்கிறார். நாங்களும் கேட்கலாம். மார்ச் 4 சந்தையில் இரண்டு ஊர்க்கவுண்டர்களிடம் இரண்டு பேருடையதையும் கொடுப்பார்கள். ஒரு வாரம் வீட்டில் வைத்துப் புழங்குவார்கள். 11ஆம் தேதி சந்தையில் எல்லார் முன்னாலும் தீர்ப்பு.

நான்தான் "கேக்கறோங்க" என்றேன். செயலாளர் போன பிறகு இவர் சொன்னது: என் அண்ணன் வேலை செய்யும் ராணிப்பேட்டைத் தொழிற்சாலையில் இடம் இருக்கிறதாம், பட்டறையைப் பூட்டிவிட்டுக் கீழே போய்விடலாமாம்.

போனால் இவருக்கு அங்கே சம்மட்டி இருக்கும். எனக்கு? குழாயடியில் குடத்தை வரிசை வைத்துக்கொண்டு உட்காருவதா? இங்கே சம்மட்டி அடிப்பது நான். இவர் இடுக்கியால் பிடித்துச் சின்னச் சுத்தியால் தொட்டுக் காட்டுகிற இடத்தில் என் அடி விழும். ஒரு நூல் தப்பாது. இது தற்பெருமை இல்லை. சரி, தற்பெருமைதான். என் டயரி.

இன்னும் 27 நாள்.

பிப். 13

நல்ல வெயில். புள்ளிக் கோழி அடை உட்கார்ந்து பதினோரு நாள். முட்டை 9.

இவருக்கு இரும்பின் மேல் சந்தேகம். இந்தத் தடவை வந்த லாரிப் பட்டையே மட்டம் என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோன்றுவதை வைத்து என்ன செய்ய? பார்த்துவிடலாம் என்று ஐந்து ரகத்தைத் திரட்டினேன்.

1. வீடு கட்டும் கம்பி.
2. லாரிப் பட்டை (லாரிக்கு அடியில் வில்லாக வளைத்து அடுக்கியிருக்குமே, அது. நம் கொடுவாள் எல்லாம் இதில்தான்).
3. தேய்ந்த அரம்.
4. உடைந்த பேரிங் வளையம்.
5. எவர்சில்வர் கொடுவாள். டீக்கடை மங்காவிடம் மூன்று நாள் இரவல். "பல்லு கில்லு போச்சுன்னா புதுசு வாங்கிக் குடு" என்றாள்.

சாணைச் சக்கரத்தை இவர் சுற்ற, நான் ஒவ்வொன்றாகப் பிடித்தேன். பொறி பார்க்க வேண்டும். இரும்புக்குள் கரி எவ்வளவு என்று பொறி சொல்லிவிடும்.

கம்பி: பொறி நீளம். நேராக ஓடி அணைகிறது. மத்தாப்புப் பூ இல்லை.
பட்டை: நுனியில் கிளை பிரிகிறது. பூ உண்டு.
அரம்: கடுகு தாளித்தது போல. என் முந்தானையில் இரண்டு ஓட்டை.
பேரிங்: குட்டை, அடர்த்தி, பூ சின்னது.
எவர்சில்வர்: சிவப்பு, கஞ்சத்தனம். காந்தம் ஒட்டுகிறது. நம் வீட்டு எவர்சில்வர் தட்டில் ஒட்டாது. அப்படியானால் இது பாத்திர எவர்சில்வர் இல்லை, வேறு.

வந்த பட்டையில் ஏழு துண்டையும் பார்த்தேன். ஏழும் ஒரே பொறி. மட்டம் கிட்டம் ஒன்றுமில்லை. சொன்னேன். இவர், "பொறிய வெச்சி சோறு ஆக்க முடியுமா?" என்றார். சோறு நான் ஆக்கவில்லை. மதியம் இவரே களி கிண்டினார்.

பிப். 15

பனி குறைவு. பல் வலி அதிகம்.

கம்பி, பட்டை, அரம், பேரிங். நாலிலும் ஒரே அளவில் சின்னக் கத்தி. நீளம் ஒரு சாண். நான் அடித்தேன், இவர் பிடித்தார். பிறகு தோய்ச்சல்: பழுக்கச் சிவக்க வைத்துப் புங்க எண்ணெயில் முக்கி, மறுபடி இளஞ்சூட்டில் காட்டி, கத்தரிப்பூ நிறம் வந்ததும் எடுப்பது. முக்கினால் மட்டும் போதாது. கண்ணாடி போல இருக்கும், உடையும். இளஞ்சூடு காட்டினால்தான் கத்திக்குப் பொறுமை வரும். இவருக்கும் யாராவது காட்டினால் தேவலை.

அரத்தை மட்டும் பழக்கதோஷத்தில் தண்ணீரில் முக்கிவிட்டார். 'டிக்'. குறுக்கே விரிசல். அதற்குச் சிரித்தார். ஐந்து நாளில் முதல் சிரிப்பு, அதனால் திட்டவில்லை. வேறு அரம் எடுத்து எண்ணெயில் செய்தோம்.

காய்ந்த புளியங்கிளையில் ஒவ்வொன்றாலும் நூறு வெட்டு. நானே வெட்டினேன். மங்காவின் எவர்சில்வரையும் சேர்த்து.

கம்பி: 12இல் மடங்கியது. ஒதுக்கு.
அரம்: 40 வரை ராஜா. பிறகு வாயில் பிறைபிறையாக உடைவு.
பேரிங்: நன்றாக வெட்டுகிறது. அடித்து நீட்டுவதற்குள் தோள் கழன்றுவிடும். முந்நூறு செய்ய யானைதான் வேண்டும்.
எவர்சில்வர்: 60இல் மழுங்க ஆரம்பம். உடையவில்லை, துரு இல்லை. பரவாயில்லை. (மங்காவிடம் சொல்லாதே. பல் ஒன்றும் போகவில்லை.)
பட்டை: 100. முன்கை மயிரை இன்னும் வழிக்கிறது.

ஆக நம் இரும்புதான் முதல். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. இவர் கேட்டார், "அப்ப எட்டு எப்படித் திரும்பி வந்துச்சி?"

சந்தோஷம் பாதியில் நின்றுவிட்டது.

பிப். 17

மங்கா வந்து யோசனை சொன்னாள். ஆட்டு ரத்தத்தில் தோய்ச்சல் போட்டால் இரும்பு நிற்குமாம். அவள் மாமனார் காலத்தில் அப்படித்தானாம். இவர் யோசிக்கிற மாதிரி தாடியைச் சொறிந்தார். ஆட்டை அறுத்தால் ரத்தத்தைப் பொரியல் பண்ணுவேன், இரும்புக்கு ஒரு சொட்டுத் தர மாட்டேன் என்றேன்.

பட்டறை வாசலில் எலுமிச்சம்பழம், மிளகாய். இவர் வேலை. கண் பட்டதாம். எட்டுக் கொடுவாள் திரும்பி வந்த வீட்டின் மேல் கண் வைக்க யாருக்குப் பைத்தியம்.

அண்ணனுக்குக் கார்டு போட்டேன். அண்ணனுக்கு வேலை இரும்பைச் சோதிக்கும் அறையில். எவ்வளவு கடினம் என்று எண்ணில் சொல்லும் இயந்திரம் இருக்கிறது. இருபதாம் தேதி வருகிறேன் என்று எழுதினேன்.

பிப். 20, ராணிப்பேட்டை

முதல் பஸ். மலைப்பாதை வளைவில் முன் சீட்டுப் பெண்ணுக்கு வாந்தி. கோணிப்பையில் நாலு சின்னக் கத்தி, மங்கா கொடுவாள் (மறுபடி இரவல், இந்த முறை ஒரு கூறு கத்தரிக்காய் கொடுத்து), சடையன் வீசிய கொடுவாள். கண்டக்டர் பையை முகர்ந்து பார்க்காத குறை.

கீழே என்ன வெக்கை. அண்ணி நல்ல மாதிரி. மீன் குழம்பு. பல்லுக்குக் கிராம்பு எண்ணெய் கொடுத்தாள். சொர்க்கம்.

பிப். 22, பஸ்ஸில் எழுதுவது (கோணல்)

முந்தாநாள் அண்ணன் கத்தியின் பின்புறத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சம் சுரண்டி எடுத்துக்கொண்டார். இன்று தாளில் எழுதிக் கொடுத்தார். நூறு பங்கில்:

கம்பி: கார்பன் 0.18.
பட்டை: கார்பன் 0.58, சிலிக்கன் 1.7, மாங்கனீஸ் 0.9.
அரம்: கார்பன் 1.2.
பேரிங்: கார்பன் 1, குரோமியம் 1.4.
எவர்சில்வர்: கார்பன் 0.3, குரோமியம் 13.

கார்பன் என்றால் கரிதான். நூறு பங்கு இரும்பில் அரைப் பங்கு கரி, அதற்குள்தான் இத்தனை கூத்து. பொறி பார்த்து நான் போட்ட வரிசை அப்படியே இருந்தது. அந்த அறைக்கு மேலதிகாரி ஒருவர், கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்றார். சாணைக்கல் என்றேன்.

கடினம் பார்க்கும் இயந்திரம்: வைர முனை ஒன்று இரும்பில் அழுந்துகிறது. மேலே கடிகாரம் போல முள். எண் பெரியதானால் இரும்பு கடினம்.

கம்பி: முள் அந்த அளவுக்கு ஏறவே இல்லை.
அரம் 63. பேரிங் 61. பட்டை 57. எவர்சில்வர் 50.

சடையன் கொடுவாளையும் வைக்கச் சொன்னேன். நுனி மூக்கில் 57. அண்ணன், நல்லாத்தானே இருக்கிறது என்றார். நடுவில் 55. இன்னும் கீழே வைங்க என்றேன். 42. பிடிக்குப் பக்கத்தில் 36.

மூன்று பேரும் முள்ளையே பார்த்தோம். ஒரே கத்தி. மேலே 57, கீழே 36. ஒரே இரும்பு, ஒரே உலை, ஒரே எண்ணெய். நானே அடித்தது.

தோய்ச்சல் சீராகப் போடவில்லை என்று மேலதிகாரி சொன்னார். என் வீட்டுக்காரர் கையைப் பற்றி வேறு யாரும் பேசக் கூடாது, நான் மட்டும்தான் பேசலாம். ஆனால் எண் அப்படிச் சொல்கிறதே.

போளூரில் பஸ் மாறினேன். பக்கத்தில்

அதே நாள், வீடு

பக்கத்தில் ஒரு மலைப் பெண். மடியில் துணி சுற்றிய கொடுவாள். தீய்ந்த மர வாசனை. எங்கள் கொடுவாள்தான், புதிது. பிடி நன்றாக இருக்கிறதே என்று பேச்சுக்குக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எங்கூட்டுக்காரர் போட்டதுக்கா. வால அடுப்புல வுட்டு, நல்லா செவக்கற வரிக்கும் ஊதிகினே இருந்தேன். அப்பறம் மரத்துல எறக்கி அடிச்சிட்டாரு. ஜம்முனு உக்காந்துகிச்சி."

நான் எழுந்து நின்றுவிட்டேன். தலை மேல் கம்பியில் இடித்தது. கண்டக்டர் திட்டினார். திட்டட்டும்.

மலையில் யாரும் பிடி போட்ட கொடுவாள் வாங்க மாட்டார்கள். தகடும், பிடிக்குள் இறங்கும் வாலும் மட்டும்தான் வாங்குவார்கள். பிடிக்கு மரம் அவரவர் நிலத்து மரம். வாலை வீட்டு அடுப்பில் சிவக்க வைத்து மரத்தில் சுட்டு இறக்குவார்கள். இது எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை. வால் சிவந்தால் அதன் சூடு எங்கே போகும்? தகட்டில்தான் ஏறும். நாங்கள் போட்ட தோய்ச்சலை அவர்கள் அடுப்பு எடுத்துவிடுகிறது.

எவர்சில்வர்காரர் பிடியோடு விற்கிறார். அது அடுப்புக்கே போவதில்லை. அதனால் 50, 50ஆகவே நிற்கிறது. நம் 57 அடுப்பில் படுத்து 36 ஆகிறது.

வீட்டுக்குள் நுழைந்ததும் இவரிடம் கொட்டினேன். நம்பவில்லை. சரி, நாளை.

பிப். 23

பனி. இரண்டு குஞ்சு வெளியே வந்தாச்சு.

புதுக் கொடுவாள் ஒன்றைச் செங்கல் தூள் போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். பட்டறையில் இல்லை, என் சமையல் அடுப்பில் வாலை வைத்தேன். புளிய விறகு. ஊதினேன். இவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

வால் சிவந்தது. அதன் ஓரத்திலிருந்து தகட்டின் மேல் நிறம் நகர ஆரம்பித்தது. முன்னால் வைக்கோல் நிறம், அதைத் துரத்திக்கொண்டு கத்தரிப்பூ, அதற்குப் பின்னால் மயில் கழுத்து, கடைசியில் சாம்பல். நாங்கள் கத்தரிப்பூவில் நிறுத்திய இரும்பு. மூன்றில் ஒரு பங்கு தகட்டைச் சாம்பல் தின்றுவிட்டது. ஆற வைத்து அரத்தால் ராவினோம். மூக்கில் அரம் வழுக்குகிறது. கீழே வெண்ணெய் மாதிரி இறங்குகிறது.

இவர் நெடுநேரம் அந்தக் கொடுவாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப என் கை தப்பு இல்ல" என்றார். மெதுவாக, தனக்கே சொல்வது போல. இந்த ஆள் ஒரு மாசமாகத் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் எலுமிச்சம்பழத்தைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தேன்.

களி இரண்டு உருண்டை கூடத் தின்றார்.

பிப். 25

சந்தை. கூட்டம். சாமை மூட்டைகள் அதிகம்.

சடையனைப் பிடித்துச் சொன்னேன். கோபம் வந்துவிட்டது. அவங்க அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அடுப்பில்தான் பிடி போடுகிறார்களாம், அப்போதெல்லாம் மடங்காத வாய் இப்போது ஏன் மடங்குகிறதாம்.

நியாயமான கேள்வி. பதிலும் என்னிடம் இருந்தது. என் மாமனார் காலத்தில் எல்லாம் வெறும் இரும்பு. 57உம் இல்லை, 36உம் இல்லை, முதலிலிருந்தே மெத்து. தினம் கல்லில் தீட்டித்தான் வெட்டினார்கள், யாரும் குறை சொல்லவில்லை. இரண்டு வருஷமாகத்தான் லாரிப் பட்டை. "மாசத்துக்கு ஒரு தரம் தீட்டினா போதும்" என்று பொங்கல் சந்தையில் கத்தி, தீட்டும் பழக்கத்தை விடவைத்தது நான்தான். நுணலும் தன் வாயால் கெடும்.

சரி, பட்டறையிலேயே நாங்கள் பிடி போட்டுத் தருகிறோம் என்றேன். அதற்குச் சடையன், "வேற அடுப்புல பிடி போட்டா அது வூட்டோட மாப்பிள்ள மாதிரி. நம்ம பேச்சு கேக்காது" என்றார். சுற்றி இருந்த பெரியவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஆக அடுப்பை மாற்ற முடியாது. மரத்தை மாற்ற முடியாது. மார்ச் 4க்கு ஏழு நாள்.

பிப். 27

தோல்விப் பட்டியல்:
தகட்டில் ஈரச் சாக்கு சுற்றி வாலைச் சுட்டேன். சாக்கு காய்ந்து பற்றிக்கொண்டது. வீடெல்லாம் புகை.
களிமண் பூசினேன். வெடித்து விழுந்தது.
தகட்டை வாழைத்தண்டில் செருகினேன். வேலை செய்கிறது. ஆனால் கொடுவாளுக்கு ஒரு வாழையை யார் வெட்டுவார்கள்? எங்கள் வாழை போச்சு. குலை தள்ள வேண்டிய வாழை.

அண்ணன் கடிதம். தொழிற்சாலை இடத்தை மார்ச் 15 வரை வைத்திருப்பார்களாம். இவர் படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. கவனித்தேன்.

மார்ச் 1

அடுப்பூதும் குழல் பிளந்துவிட்டது. புது மூங்கில். உள்ளே கணு. கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் கணுவைச் சுட்டுத் துளைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது கணுவில் கை நின்றது.

மரத்தில் ஓட்டை போடத்தானே நெருப்பு வேண்டும். கொடுவாள் எதற்கு அடுப்புக்குள் போக வேண்டும்?

கொடுவாள் வால் மாதிரியே ஒரு பொய் வால். கம்பியில். அதை அவர்கள் அடுப்பில், அவர்கள் விறகில் பழுக்கக் காய்ச்சட்டும். அவர்கள் மரத்தில் சுட்டு ஓட்டை போடட்டும். ஆறினதும் நிஜக் கொடுவாளைச் சூடு காட்டாமல் பச்சையாகச் செருகி நாலு தட்டு. அடுப்பும் அவர்களது, மரமும் அவர்களது, 57 நம்முடையது.

குழலைப் போட்டுவிட்டுப் பட்டறைக்கு ஓடினேன். அடுப்பில் குழம்பு. நினைவில்லை. அரை மணியில் பொய் வால் தயார். நிஜ வாலைவிட ஒரு நூல் மெல்லிசு, இறுக்கமாகப் பிடிக்கட்டும் என்று. வேப்பங்கட்டையில் சுட்டு, கொடுவாளை இறக்கினோம். இவர் காலால் மிதித்து இரண்டு கையாலும் இழுத்தார். வரவில்லை.

பன்னிரண்டாம் வெட்டில் மடங்கி நான் ஒதுக்கிய கம்பிதான் காப்பாற்ற வந்திருக்கிறது. கத்திக்கு உதவாததால்தான் இதற்கு உதவுகிறது. சூட்டில் கெடுவதற்கு அதில் எதுவுமே இல்லை.

குழம்பு தீய்ந்து கரி. சந்தோஷமாகத் தின்றோம்.

மார்ச் 4

சந்தை. வெயில் சுள்.

செயலாளர் முன்னிலையில் கொடுவாள்கள் கை மாறின. கையில் கொடுக்கவில்லை, தரையில் வைத்து எடுத்துக்கொண்டார்கள், கூரான இரும்புக்கு அதுதானே முறை. ஒரு ஊர்க்கவுண்டர் குப்பன், நல்ல மனுஷன், எதற்கும் சிரிப்பார். இன்னொருவர் யார் என்று பார்த்தால் சடையன். செயலாளருக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா.

எங்களுடையது ஆளுக்கொன்று, எவர்சில்வர் ஆளுக்கொன்று. எங்கள் கொடுவாளோடு ஆளுக்கொரு பொய் வாலும் வைத்தேன். எப்படிப் போடுவது என்று சொன்னேன். குப்பன் சிரித்தார். சடையன் பொய் வாலை எடுத்துப் பார்த்தார். துண்டில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

எவர்சில்வர்காரர் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, கத்தியோட ஆணியும் விக்கிறியா?" என்றார். நாக்கைக் கடித்துக்கொண்டதில் பல் வலி மறுபடி.

மார்ச் 7

வேலை ஓடவில்லை. சடையன் அதை அடுப்பில் போட்டிருப்பாரா, பரணில் போட்டிருப்பாரா. கோபக்காரர். ஆனால் துண்டில் முடிந்துகொண்டாரே. வேண்டாதவர் முடிந்துகொள்வாரா. முடிந்துகொண்டு போய் ஓடையில் வீசலாம்.

இவர் இரண்டு சட்டையைத் துவைத்து மடித்து டிரங்குப் பெட்டி மேல் வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்கவில்லை. எடுத்து மறுபடி தண்ணீரில் முக்கிவிட்டேன். அழுக்காக இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

குஞ்சு 7. ஒன்றைப் பருந்து கொண்டுபோய்விட்டது.

மார்ச் 11

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

பதினொரு மணி. சங்க வாசலில் காய்ந்த புளியங்கிளை. இவர் வரமாட்டேன் என்றார். கையைப் பிடித்து இழுத்துப் போனேன். கூட்டம் பார்க்கும்படிதான். பார்க்கட்டும்.

ஒவ்வொரு கொடுவாளாலும் முப்பது வெட்டு என்று செயலாளர் சொன்னார். முதலில் குப்பன், எவர்சில்வர். முப்பதும் வெட்டியது. வாயில் லேசான மழுங்கல், குறை சொல்ல முடியாது. அடுத்து எங்களுடையது. பதினைந்தில் கீழ்ப் பக்கம் வாய் சுருண்டது. இருபதில் எல்லாருக்கும் தெரிந்தது. யாரோ, "பழங்கதைதான்" என்றார்கள். இவர் என் கையை உதறிக்கொண்டு திரும்பினார். குப்பன் முகத்தைப் பார்த்தேன். எப்போதும் சிரிக்கிறவர் சிரிக்கவில்லை.

பிறகு சடையன். எவர்சில்வரால் முப்பது. அதே லேசான மழுங்கல். அடுத்து எங்களுடையதை எடுத்தார். முப்பது. நிறுத்தவில்லை. நாற்பது. அறுபது. செயலாளர் போதும் என்றார். சடையன் காதில் வாங்கவில்லை. நூறு. கிளை இரண்டாகப் போனது. தன் முன்கையில் வைத்து இழுத்தார். மயிர் வழித்துக்கொண்டு வந்தது. வெறும் கையைக் கூட்டத்துக்குக் காட்டினார்.

எவர்சில்வர்காரர், ஒன்று நல்லது ஒன்று மட்டம், இவர்கள் சரக்குக்கு உத்தரவாதம் இல்லை என்று ஆரம்பித்தார். சடையன் கையமர்த்தினார். குப்பனைப் பார்த்து, பொய் வாலை என்ன செய்தாய் என்று கேட்டார். குப்பன் வேட்டியிலிருந்து எடுத்தார். புதிதாக இருந்தது, புகைகூடப் படவில்லை. எதற்கு ரெண்டு வேலை என்று கொடுவாளையே நேராக அடுப்பில் விட்டுவிட்டாராம்.

சடையன் இரண்டு கொடுவாளையும் தரையில் பக்கம் பக்கமாக வைத்தார். சந்தையே கேட்கிற குரலில் சொன்னார்:

"ரெண்டும் ஒரே இரும்பு. ஒரே ஆசாரி. ஒண்ணு அடுப்புல படுத்துச்சி, ஒண்ணு படுக்கல. அன்னிக்கி நான் வீசுனேனே, அது ஆசாரி தப்பு இல்ல. என் அடுப்பு தப்பு."

கொடுவாளை வீசிய அன்றைக்குக் கேட்ட அதே குரல். அன்றைக்குச் சிரித்த அதே கூட்டம். இன்றைக்குக் குனிந்து இரண்டு வாயையும் தடவிப் பார்த்தது. குப்பனைக் கட்டிப்பிடித்துக் கொள்ளலாம் போல இருந்தது. அவர் சோம்பேறித்தனம் இல்லாவிட்டால் இவ்வளவு தெளிவாக யாருக்கும் புரிந்திருக்காது. நான் ஒரு மாசம் பேசியிருந்தாலும் முடியாது.

முந்நூறும் எங்களுக்கு. கிராமத்துக்கு ஒரு பொய் வால், ஊர்க்கவுண்டர் வீட்டில் இருக்கும், யார் வேண்டுமானாலும் வாங்கிப்போய்ச் சுட்டுக்கொள்ளலாம் என்று செயலாளர் எழுதிக்கொண்டார். எவர்சில்வர்காரர் போகும்போது ஒன்று கேட்டார். எங்கள் இரும்பு என்ன இரும்பு? 57 என்றேன். விழித்தார்.

வந்ததும் இவர் பட்டறை வாசலில் எலுமிச்சம்பழத்தை அவிழ்த்துப் போட்டார். அண்ணன் கடிதத்தை உலையில் போட்டார். நான் அழுதேன். ஏன் என்று கேட்டார். பல் என்றேன்.

மார்ச் 13

மேகம். மழை வராது. கரி 6 கூடை வந்தது, 4 பாக்கி. மங்கா தன் எவர்சில்வரைத் தந்துவிட்டு நம்முடையதை எடுத்துக்கொள்ளட்டுமா என்கிறாள். வரிசையில் நிற்கச் சொன்னேன்.

காலை ஐந்துக்கே உலை. முந்நூறில் முதல் கொடுவாள் தயார். கத்தரிப்பூ நிறம், மூக்கிலிருந்து வால் வரை சீராக. இவர் உளியை எடுத்து, தகட்டின் மேல்பக்கம் எப்போதும் அடிக்கும் அடையாளத்தை அடித்தார். மூன்று புள்ளி. அவர் அப்பா வைத்த அடையாளம், எங்கள் பட்டறை என்பதற்கு.

உளியைக் கீழே வைப்பார் என்று பார்த்தேன். வைக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு புள்ளி அடித்தார். கை தவறிவிட்டது என்று நினைத்தேன்.

"இது இன்னாங்க, நாலு?"

"நாலாவது உன்னுது" என்றார். சொல்லிவிட்டு அடுத்த பட்டையை உலையில் வைத்து, சம்மட்டியை எடு என்று தலையால் காட்டினார்.

அந்தக் கொடுவாளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். வேண்டாம். சடையனுக்கே அனுப்பினேன். எடுத்ததும் நாலு பேரிடம் காட்டுவார்.